போன்சோலின் புராணம்

பேராசிரியர் கூ போன்சோல் கண்டுபிடித்த பொருளுக்குப் போன்சோலின் என்று பெயர் அமைந்தது தற்செயல்தான் என்று அவரே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். பெயர் வைக்கவேண்டிய நேரத்தில் வேறு பெயரே தோன்றவில்லையாம். அடக்கமான மனிதர்களுக்கு இப்படிப்பட்ட சங்கடங்கள் நேர்வதுண்டு.

அதை உண்மையில் பிரித்தெடுத்தவள் தாக் மிரான். நாற்பதைத் தாண்டியவள். வேதியியலில் டாக்டர் பட்டம் வாங்கி, பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில் ஒப்பந்த வேலையில் இருந்தாள். ஒவ்வொரு ஆண்டும் பேராசிரியர் கையெழுத்துப் போட்டால் ஒப்பந்தம் நீளும். அவர் போடுவார். போடுவதற்கு முன்னால் ஒரு வாரம் பேனாவைத் தேடுவார்.

அதைப் பிரித்தெடுத்த வேர் ஹேபுங் மாவட்டத்தின் கடற்கரையிலிருந்து வந்தது. கிழக்குக் கடலின் மணல்மேடுகளில் தரையோடு இலையை ஒட்டிக்கொண்டு கிடக்கும் ஒரு செடி அது. உப்புக் காற்று அறைந்தாலும் அலை ஏறி நனைத்தாலும் சாகாது. வேர் மட்டும் முழங்கை நீளத்துக்கு மணலுக்குள் இறங்கியிருக்கும். கேத்பாங்புங் என்பார்கள். வாதத்தை அடக்கும் என்பது பெயரிலேயே இருப்பதால் நம் வாய்க்கு வாதமடக்கி என்று வைத்துக்கொள்வோம். அதன் தளிரைப் பச்சை மீனோடு சுருட்டித் தின்பதும், வேரைச் சாராயத்தில் ஊறப்போட்டுக் குடிப்பதும் அந்தக் கரையோரத்துக்கு ரொம்ப நாள் பழக்கம். குடிப்பதற்கு ஒரு மருத்துவக் காரணம் கிடைத்தால் எந்த ஊர்தான் விடும்?

வேரை ஆய்வுக்கூடத்துக்குக் கொடுத்தவள் மா ஜொம்ரே. கடற்கரையில் பச்சை மீன் கடை வைத்திருந்தவள், நாக்கு அவளுடைய மீன் கத்தியைவிடக் கூர்மை. ஆள்விட்டுத் தோண்டி, கழுவி, கட்டிவைப்பாள். பல்கலைக்கழகத்து வண்டி வந்து எடுத்துப்போகும்.

மிரான் முதலில் அந்த வேரில் கண்டது பழைய சரக்குகளைத்தான். கூமரின் வகைப் பொருள்கள். தோலில் பட்டு வெயிலும் பட்டால் கொப்புளம் கிளப்பும் ஜாதி. அவளுக்கு அது சுவாரசியமாகத்தான் இருந்தது. கடல் உப்பில் நின்று வளர்கிற செடி தன்னைக் கடிக்க வருகிறவனுக்கு என்னென்ன வைத்திருக்கிறது என்று பார்ப்பதில் ஒரு சந்தோஷம் உண்டு. பேராசிரியருக்கு அந்தச் சந்தோஷம் கிடையாது.

"இதெல்லாம் என் வாத்தியாரோட வாத்தியார் காலத்துலயே கண்டுபிடிச்சாச்சு, டாக்டர் தாக். செத்த பாம்ப அடிக்கவா உங்களுக்குச் சம்பளம்?"

ஆகவே அவள் உயிருள்ள பாம்பைத் தேடினாள். வேரைச் சாராயச் சத்தில் ஊறவைத்து, வடித்து, காயவைத்து, கண்ணாடிக் குழாய்களில் துளித்துளியாக இறக்கிப் பிரித்துக்கொண்டே போனதில், பொருளுக்கொரு முகடாகக் கோடு ஓடும் கருவியின் திரையில் ஒருநாள் யாருக்கும் அடையாளம் தெரியாத ஒரு முகடு நிமிர்ந்து நின்றது. எந்தப் பட்டியலிலும் இல்லாத பொருள். அதை எடுத்துக் கண்ணாடித் தட்டில் வளர்த்த புற்றுச் செல்களின்மேல் விட்டார்கள். செல்கள் செத்தன. தட்டில் கிடக்கும் செல்லைக் கொல்வது ஒன்றும் பெரிய வீரம் இல்லை. சோப்புத் தண்ணீர் விட்டாலும் சாகும். ஆனால் சோப்புத் தண்ணீருக்கு யாரும் போன்சோலின் என்று பெயர் வைப்பதில்லை.

கட்டுரை வெளிவந்தது. முதல் பெயர் பேராசிரியருடையது. அடுத்தது அவர் மாணவப் பருவத்து நண்பருடையது, அடுத்தது நண்பரின் மகனுடையது. அதற்கும் அடுத்து மிரான். "அந்தப் பையன் மேல்படிப்புக்கு வெளிநாடு போறான், பாவம்" என்றார் பேராசிரியர். மிரானும் பாவம் என்றுதான் நினைத்தாள், யாரை என்று சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஹேபுங்கில் நடந்ததைச் சொல்ல மாவட்டத் தலைவர் மேங் தூசிக்கைச் சொல்லியாக வேண்டும். மேங் தேர்தலில் ஜெயித்து வந்தவர், அடுத்த தேர்தலிலும் ஜெயிப்பதாக இருந்தவர். பக்கத்து மாவட்டத்துக்குக் கணவாய் மீன் இருந்தது, அதற்கடுத்த மாவட்டத்துக்கு உருளைக்கிழங்கு இருந்தது, அவற்றுக்குத் திருவிழாவும் இருந்தது. ஹேபுங்குக்கு என்ன இருந்தது? காற்று. காற்றுக்கு யார் டிக்கெட் வாங்குவார்கள்? போன்சோலின் செய்தியைப் பேப்பரில் பார்த்த அன்றே மேங் ஆய்வுக்கூடத்துக்கு வந்து பேராசிரியரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"பேராசிரியர் ஐயா, நீங்க எங்க மண்ணோட பிள்ளை."

பேராசிரியர் சியோலில் பிறந்து வளர்ந்தவர். இருந்தாலும் மறுக்கவில்லை. ஊரே பிள்ளை என்று கூப்பிடும்போது பிறந்த ஊரைப் பற்றிப் பேசுவது மரியாதையா?

மாவட்ட அலுவலக வாசலில் வாதமடக்கி வேருக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள். வேரின் அடிப்பக்கம் இரண்டு கால்போலக் கிளைத்திருந்ததைச் சிற்பி அக்கறையோடு வடித்திருந்தார். திரை விலகியதும் மகளிர் சங்கத்தார் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மறுநாள் அந்த இடுக்கில் யாரோ ஒரு கால்சட்டையை மாட்டிவிட்டிருந்தார்கள். டிவியில் வந்தது. மேங்குக்கு ஏக சந்தோஷம், ஏனென்றால் டிவியில் வந்தது.

இன்னொரு விளைவும் இருந்தது. ஆய்வுக்கூடத்துத் தொலைபேசி அடிக்க ஆரம்பித்தது. எடுக்கிற வேலை ஒப்பந்தக்காரிக்கு.

அதிகம் கூப்பிட்டவர் புசானிலிருந்து ஒரு லாரி ஓட்டுநர். யொம் என்று பெயர். மனைவிக்கு வயிற்றில் புற்று. மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள். சத்தமான மனிதர், பின்னால் எப்போதும் எஞ்சின் உறுமும்.

"அம்மா, அந்தப் போன்சோலின் எப்ப கடைக்கு வரும்?"

"இன்னும் எலிக்குக்கூடக் குடுத்துப் பாக்கலைங்க. வர்றதுன்னா வருஷக்கணக்கா ஆகும். வராமலேயும் போகலாம்."

"வேரையே வாங்கிக் காய்ச்சிக் குடிச்சா?"

"ஊசிய மட்டும் நிறுத்தாதீங்க. டாக்டர் சொல்றதக் கேளுங்க."

"எங்க டாக்டர் மூஞ்சியே குடுக்க மாட்டேங்கிறான். நீங்களாவது பேசுறீங்க." சொல்லிவிட்டு அவர் வைத்துவிடுவார். மிரானுக்கு அன்று முழுக்க காதில் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்.

சியோலிலிருந்து அழகுசாதனக் கம்பெனி ஒன்று வந்து, போன்சோலின் நிறைய வேண்டும் என்றது. மணல்மேட்டுச் செடி போதாதென்று மேங் ஏற்கெனவே தோட்டம் போட வைத்திருந்தார். தோட்டத்து வேர் வந்தது. கொழுகொழுவென்று, எந்திரத்தில் கழுவி, பிளாஸ்டிக் படாமல் காகிதத்தில் சுற்றி. மிரான் அதே முறையில் பிரித்தாள். கூமரின்கள் வரிசையாக நின்றன. போன்சோலின் இல்லை. மறுபடி செய்தாள். இல்லை. கருவியைத் துடைத்துச் செய்தாள். துடைத்த கருவி பளிச்சென்று, இல்லை என்றது.

"உங்க கை சரியில்ல" என்றார் பேராசிரியர்.

"அதே கைதான் சார். போன தடவையும் இதே கைதான்."

பேராசிரியர் சன்னல் பக்கம் போய் நின்றார். அவருக்குத் தத்துவம் வரும்போது சன்னல் பக்கம் போவார்.

"கஷ்டம், டாக்டர் தாக். கஷ்டம்தான் காரணம். மணல்மேட்டுச் செடி உப்புல தவிக்குது, காத்துல அடிபடுது. அந்த வேதனையிலதான் போன்சோலின் சுரக்குது. தோட்டத்துச் செடிக்கு உரம், தண்ணி, நிழல். சுகமா இருக்கிறவன்கிட்ட மருந்து எங்கேருந்து வரும்? மனுஷனும் அப்படித்தான். ஒப்பந்தத்துல இருக்கிறவன்தான் கண்டுபிடிப்பான்."

இதைவிட அழகாக ஒப்பந்த முறையை யாரும் நியாயப்படுத்தியதில்லை. மிரான் மணல்மேட்டு வேர் வாங்க ஹேபுங்குக்குப் பஸ் ஏறினாள்.

ஜொம்ரே கடையின் பின்கட்டில் இருந்தாள். மீன் செதில் ஒட்டிய ரப்பர் செருப்போடு, ஒரு பெரிய சிவப்பு ரப்பர் தொட்டிக்குள் கையைவிட்டு அலசிக்கொண்டிருந்தாள். குளிர்காலம் வந்தால் கிம்ச்சி ஊறுகாய்க்கு முட்டைக்கோஸ் ஊறவைக்கிற அதே தொட்டி. அந்த நாட்டில் அது இல்லாத வீடு கிடையாது. உள்ளே வாதமடக்கி வேர்கள் ஏதோ ஒரு நீரில் மிதந்தன. சாராய வாடை மூக்கைத் துளைத்தது.

"அக்கா, இது என்ன?"

"என்னவா? உங்க வேர்தான், டாக்டரம்மா. தண்ணில கழுவினா சுருக்கத்துல இருக்கிற மணல் போகாது. ஊறல் சாராயத்துல போட்டு வெச்சா மணலும் போகும், உங்க வண்டி வர்ற வரைக்கும் அழுகாமலும் இருக்கும்."

"எப்பவும் இப்படித்தான் செய்வீங்களா?"

"பின்ன? சும்மா செய்றேன்னு நெனச்சியா? வேர் உங்களுக்கு. சாராயத்த வடிகட்டிப் பாட்டில்ல ஊத்தினா கடைக்கு. ஆம்பளைங்க க்யூவுல நிக்கிறாங்க. ஒரு கிளாஸ் ஊத்தட்டுமா? முட்டி வலிக்கு நல்லது."

மிரான் தொட்டியைப் பார்த்தாள். வெயிலில் கிடந்து பழசான தொட்டி. உள்பக்கம் சாராயம் நின்ற மட்டத்துக்குக் கீழே நிறம் மங்கி, பசைபோல நெகிழ்ந்திருந்தது. விரலால் தொட்டாள். பிசுக்கென்றது.

"அக்கா, ஒரு கத்தி குடுங்க."

"எதுக்கு?"

"இந்தத் தொட்டியோட விளிம்புல ஒரு துண்டு வேணும்."

ஜொம்ரே இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "ஏன், வேர் தீந்துபோச்சா? இப்ப என் தொட்டியத் திங்கப் போறீங்களா? படிச்சவங்க பசியே தனி."

அறுத்துக்கொடுத்தது என்னவோ அவளேதான். மீன் அறுக்கிற மாதிரி சாய்வாக, ஒரே இழுப்பில்.

ஆய்வுக்கூடத்தில் மிரான் அந்தச் சிவப்புத் துண்டைச் சாராயச் சத்தில் ஊறவைத்து, வடித்துக் கருவியில் ஏற்றினாள். திரையில் போன்சோலின் நிமிர்ந்து நின்றது. வேரில் வந்ததைவிடப் பல மடங்கு உயரம். ரப்பர் கெடாமலிருக்கக் கலக்கிற ஏதோ ஒரு சரக்கு, வெயிலில் சிதைந்து உருமாறிய மிச்சம். அதனால்தான் எந்தப் பட்டியலிலும் இல்லை. கிம்ச்சித் தொட்டியைக் காய்ச்சி வடிக்க இதுவரை யாருக்கும் தோன்றவில்லை.

அவளுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. தனியாக நின்று கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். அப்புறம் உட்கார்ந்துகொண்டாள்.

பேராசிரியர் வரைபடங்களை நெடுநேரம் பார்த்தார்.

"இது வேற யாருக்குத் தெரியும்?"

"எனக்கும் உங்களுக்கும்தான் சார்."

"சரி. இப்படி யோசிச்சுப் பாருங்க. தொட்டியிலேருந்து வேருக்குப் போச்சுன்னு ஏன் முடிவு கட்டுறீங்க? வேர்லேருந்து தொட்டிக்குள்ள இறங்கியிருக்கலாமே? வருஷக்கணக்கா ஊறியிருக்கு. அவ்வளவு வீரியமான பொருள்."

மிரான் வரைபடங்களைச் சுருட்டி எடுத்துக்கொண்டாள். சந்தைக்குப் போய் அதே கம்பெனித் தொட்டி ஒன்றைப் புதிதாக வாங்கினாள். ஆய்வுக்கூடத்து மொட்டைமாடியில் கொஞ்ச நாள் வெயிலில் போட்டுவைத்தாள். அதிலிருந்து ஒரு துண்டை அறுத்து வடித்து, புதிய வரைபடத்தை அவர் மேசையில் வைத்தாள். முகடு நின்றது.

"இந்தத் தொட்டி வேரப் பாத்ததே கிடையாது சார்."

பேராசிரியர் மறுபடி சன்னல் பக்கம் போனார். இந்த முறை தத்துவம் வரவில்லை.

"வாதமடக்கி விழா முடியட்டும்" என்றார். "ஊரே காத்திருக்கு. மேங் ஐயா மேடை போட்டுட்டாரு. முடிஞ்சதும் நிதானமா, பக்குவமா, ஒரு திருத்தம் போடலாம். உங்க ஒப்பந்தமும் அடுத்த மாசந்தானே? பேனாவ எங்க வெச்சேன்..."

இந்த இடத்தில் மிரான் பொங்கி எழுந்தாள் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். அவள் எழவில்லை. சரி சார் என்றாள். வெளியே வந்து காகிதக் கோப்பையில் காபி கலக்கிக் குடித்தாள். வீட்டு வாடகை, தேஜோனில் தனியாக இருக்கும் அப்பா, இந்த வயதில் இன்னொரு ஆய்வுக்கூடத்தில் போய் நிற்பது எல்லாம் வரிசையாக வந்து போயின. விழா முடியட்டுமே, யாருக்கு என்ன நஷ்டம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். படித்தவர்களுக்குத் தங்களைத் தாங்களே சமாதானப்படுத்துவது கைவந்த கலை.

ஆனி மாதத்து வெயிலில் விழா தொடங்கியது. மேகம் இல்லாத வானம். மேங் அதையும் தானே ஏற்பாடு செய்ததுபோல நடந்துகொண்டார். வாதமடக்கி ரொட்டி, வாதமடக்கி ஐஸ்கிரீம், வாதமடக்கிப் பொம்மை. ஜொம்ரேயும் கடை போட்டிருந்தாள். "பேராசிரியரின் வேர் இங்கே ஊறியது" என்று பலகை. அதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை.

மேடைக்குப் பின்னால் பச்சை வேரை இடித்துக் கூழாக்கி வைத்திருந்தார்கள். மாவட்டத் தலைவர் எல்லார் முன்னாலும் முகத்தில் பூசிக்கொள்ளப் போகிறார் என்று நிகழ்ச்சி நிரலில் இருந்தது. மிரான் அதைப் பார்த்ததும் பேராசிரியரிடம் ஓடினாள்.

"சார், அதப் பூசிக்கிட்டு வெயில்ல நிக்கக் கூடாது. பச்சைச் சாறு. கூமரின் முழுக்க அப்படியே இருக்கும். தோலு வெந்துரும்."

பேராசிரியர் டையைச் சரிசெய்துகொண்டிருந்தார். "மறுபடியும் அந்தச் செத்த பாம்பா?"

"சார், தயவுசெஞ்சு அவருகிட்டச் சொல்லுங்க."

"விழா அன்னிக்கு மேடையேறி, எங்க வேர் ஆபத்துன்னு சொல்லச் சொல்றீங்களா? போய் உக்காருங்க."

அவள் மேங்கிடமே போனாள். அவர் சிரித்த முகத்தோடு கேட்டுக்கொண்டார். "டாக்டரம்மா, நான் படகுக்காரன் மகன். இந்தத் தோலு பாக்காத வெயிலா?" என்று சொல்லி மேடையேறினார். ஏறி, கூழை அள்ளி நெற்றியிலிருந்து கழுத்துவரை பூசினார். கூட்டம் கைதட்டியது. அந்த உற்சாகத்தில் அவருக்கு இன்னொன்று தோன்றியது.

"எங்க மண்ணின் பிள்ளை மட்டும் சும்மா நிக்கலாமா? வாங்க பேராசிரியர் ஐயா!"

பேராசிரியர் மிரானை ஒரு கணம் பார்த்தார். கூட்டத்தையும் பார்த்தார். கேமராக்களைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். மேங் தன் கையாலேயே, தம்பிக்குப் பூசுவதுபோல், காது மடல்வரை அப்பினார். இருவரும் பேச்சு, பாட்டு, பரிசளிப்பு எல்லாம் முடியும்வரை உச்சிவெயிலில் கூழ் அப்பிய முகத்தோடு கை அசைத்தபடி நின்றார்கள்.

மிரானால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. கடை வரிசைப் பக்கம் நடந்தாள். அங்கே ஜொம்ரேயின் கடைமுன் ஒரு பருத்த மனிதர் இரண்டு சாக்கு நிறைய, ஊறப்போடாத காய்ந்த வேர் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தமான குரல் அவளுக்குத் தெரிந்த குரல்.

"யொம் அண்ணன்தானே? நான் ஆய்வுக்கூடத்துல பேசுறவ."

அவர் முகம் மலர்ந்தது. அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். "அம்மா நீங்களா! இப்பத்தான் நிம்மதி. ஊசியெல்லாம் நிறுத்தியாச்சு. போன மாசத்திலேருந்து இந்தச் சாராயந்தான். காலையில ஒரு கிளாஸ், ராத்திரி ஒரு கிளாஸ். அவளுக்கு வாந்தி நின்னுடுச்சு, சோறு எறங்குது. உங்க பேராசிரியர் தெய்வம்."

ஊசியை நிறுத்தினால் வாந்தி நிற்கத்தான் செய்யும். சோறு இறங்கத்தான் செய்யும். உள்ளே இருப்பதும் நிம்மதியாக வளரும்.

"அண்ணே, கேளுங்க. அந்தப் போன்சோலின் வேர்ல இல்ல."

"என்ன?"

"வேர்ல இல்ல. வேர ஊறவெச்ச ரப்பர் தொட்டியில இருக்கு. நாங்க தப்பாக் கண்டுபிடிச்சுட்டோம். நீங்க வீட்டுல குடுக்கிறது தொட்டி கரைஞ்ச சாராயம். இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. கையெடுத்துக் கும்பிடுறேன்."

அவர் சாக்கின் முடிச்சிலிருந்து கையை எடுத்தார். மேடையிலிருந்து பாட்டுச் சத்தம் வந்துகொண்டிருந்தது.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"போன மாசம்."

"போன மாசம் நான் மூணு தடவ போன் பண்ணேன்."

"ஆமா."

"ஊசிய நிறுத்தாதீங்கன்னு சொன்னீங்க. ஏன்னு சொன்னீங்களா? நீங்க இதச் சொல்லியிருந்தா நான் நிறுத்தியிருப்பனா?"

அவர் அடிப்பார் என்று மிரான் நினைத்தாள், அடித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். அவர் சாக்குகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு வண்டி நிறுத்தியிருந்த பக்கம் போய்விட்டார். காசு கொடுத்து வாங்கியது, விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை போலிருக்கிறது.

"தொட்டியப் பத்தி ஏதோ சொன்னியே" என்றாள் ஜொம்ரே, பாட்டிலைத் துடைத்தபடி. "நாலு வருஷமா ஆம்பளைங்க குடிக்கிறானுங்க. ஒருத்தனும் சாகல."

"விக்காதீங்க அக்கா. இனிமே ஒரு சொட்டுகூட விக்காதீங்க."

"அப்ப நீயும் எழுதாத. நீ எழுதினதப் பாத்துத்தானே க்யூவே வந்துச்சு?"

மிரான் அங்கிருந்து நடந்தாள். பஸ் நிலையத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, மடிக்கணினியைத் திறந்து, கட்டுரை வந்த பத்திரிகைக்கு வரைபடங்களோடு நடந்ததை எழுதி அனுப்பினாள். பக்குவமாக எழுத வரவில்லை. தொட்டி, சாராயம், வெயில் என்று அப்படியே எழுதினாள்.

இரண்டு நாள் கழித்து முகங்கள் வெந்தன. முதலில் சிவந்து, பிறகு கொப்பளித்து, நெற்றியும் கன்னமும் காதுமடலும் நீர் கோத்துத் தொங்கின. மேங்கையும் பேராசிரியரையும் மாவட்ட மருத்துவமனையில் அடுத்தடுத்த கட்டில்களில் போட்டார்கள். கண்ணும் வாயும் தவிர மற்றதெல்லாம் கட்டு. பார்க்கப் போனவர்கள் யார் தலைவர், யார் பேராசிரியர் என்று தெரியாமல் பழக்கூடையை மாற்றிக் கொடுத்தார்கள். பேராசிரியர் கூப்பிட்டார் என்று மிரானும் போயிருந்தாள்.

மேங் கட்டுக்குள்ளிருந்து கத்திக்கொண்டிருந்தார். "உம்ம போன்சோலின் என் மூஞ்சிய எரிச்சுடுச்சு! வக்கீல வரச்சொல்லியிருக்கேன். கேஸு போடப்போறேன். உம்ம பேர்ல மட்டுமில்ல, அந்தப் போன்சோலின் பேர்லயே போடப்போறேன்!"

"போன்சோலின் அப்படிப் பண்ணாது" என்றார் பேராசிரியர். கட்டுக்குள்ளும் அவருக்குத் தன்மானம் வெந்துபோகவில்லை.

"பின்ன எது பண்ணுச்சு?"

"அது வேற. கூமரின்னு ஒண்ணு. எல்லாருக்கும் தெரிஞ்ச பழைய பொருள்."

"அந்தக் கூழுல போன்சோலின் இல்லையா? இருக்குல்ல? இருக்குன்னா அதுதான் பண்ணுச்சு. கோர்ட்டுல நிரூபியும், அது பண்ணலைன்னு!"

"எப்படிய்யா பண்ணும்?" பேராசிரியர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "அது எப்படிப் பண்ணும்? அது வேர்லயே கிடையாதுய்யா!"

ஊசியோடு வந்த நர்ஸ் வாசலிலேயே நின்றாள். மேங்கின் காலடியில் உட்கார்ந்திருந்த உள்ளூர் நிருபர், ஆரஞ்சு உரிப்பதை நிறுத்திவிட்டு, சட்டைப்பையில் பேனாவைத் தேடினார். அவருக்கு உடனே கிடைத்தது.

"வேர்ல கிடையாதா?" என்றார் மேங், மெதுவாக. "பின்ன எங்க இருக்கு?"

பேராசிரியர் படுத்துக்கொண்டார். இரண்டு கட்டுகளும் ஒரே நேரத்தில் மிரான் பக்கம் திரும்பின. அவள் சொன்னாள். பத்திரிகைக்கு ஏற்கெனவே எழுதிவிட்டதையும் சொன்னாள்.

மேங்கின் கட்டு குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து நர்ஸ் ஓடினாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார், கொப்புளம் வலிக்க வலிக்க, ஐயோ ஐயோ என்று சொல்லிக்கொண்டே சிரித்தார். "கிம்ச்சித் தொட்டிக்கா சிலை வெச்சோம்!"

கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். திரும்பப் பெறும் அறிவிப்பில் மட்டும் மிரானின் பெயர் முதலில் வந்தது. அந்தக் கௌரவத்துக்கு நண்பரின் மகன்கூடப் போட்டி போடவில்லை. அவளுடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. காரணம், ஆய்வுக்கூடத்தின் ஒற்றுமைக்குக் கேடு விளைவித்தது.

பேராசிரியரைப் பற்றிக் கவலை வேண்டாம். புதுத்தோல் முளைத்ததும் அவர் இன்னொரு கட்டுரை எழுதினார்: வீட்டு ரப்பர் தொட்டிகளிலிருந்து உணவில் இறங்கும் நச்சுப் பொருள்கள். "பல ஆண்டுகளாக எனக்கு இருந்த சந்தேகம்" என்று அதில் ஒரு வரி. இப்போது அவர் தலைநகரில் உணவுப் பாதுகாப்புக் குழு ஒன்றில் உறுப்பினர். மேங் மறுபடியும் ஜெயித்தார். ஊருக்காக முகத்தைக் கொடுத்தவர் என்று சுவரொட்டி ஒட்டினார்கள். முகத்தைக் கொடுத்த வேட்பாளரை எதிர்த்து எதைக் காட்டிப் பிரசாரம் செய்வது? ஜொம்ரே எவர்சில்வர் தொட்டி வாங்கினாள், விலையை ஏற்றினாள். மணல்மேட்டில் மட்டும் குழிகள். போன்சோலின் ஆசையில் கண்டவர்களும் தோண்டிப்போனதில், செடி தலைகாட்டவே ரொம்ப நாளாயிற்று.

மிரான் மூன்று மாதம் வேலை தேடினாள். ஓரிடத்தில் நேர்காணல் செய்தவர், முன்பு என்ன கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார். "கண்டுபிடிச்சது ஒண்ணுமில்லன்னு கண்டுபிடிச்சேன்" என்றாள். அவர் சிரிக்கவில்லை, வேலையும் தரவில்லை. கடைசியில் பக்கத்து மாவட்டத்தில் குடிநீர்ப் பரிசோதனை நிலையத்தில் சேர்ந்தாள். அங்கே குழாய்த் தண்ணீரில் புதிதாக எதுவும் இருக்கக் கூடாது என்பதுதான் எல்லாருடைய பிரார்த்தனையும். அவளுக்கு அது பிடித்திருந்தது.

யொம்முக்கு அவள் பலமுறை போன் செய்தாள். அவர் எடுக்கவில்லை. கடைசியில் ஒருநாள், குளிர் தொடங்கியபோது, அந்த எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது பெண் குரல். மெலிந்திருந்தாலும் அதட்டலுக்குக் குறைவில்லை.

"நீதானே அந்தத் தொட்டிக்காரி?"

"ஆமாங்க." மிரான் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டாள்.

"நான் அவரு சம்சாரம். திருவிழாவுக்குப் போய்ட்டு வந்த மனுஷன் செருப்பக்கூடக் கழட்டல, அப்படியே என்ன ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாரு. மறுபடியும் ஊசி போடுறாங்க. முடியெல்லாம் போச்சு. டாக்டரு ஒண்ணும் உறுதியாச் சொல்ல மாட்டேங்கிறாரு. ஒரு மாசம் வீணாப்போச்சாம்."

"என்ன மன்னிச்சுருங்கன்னு கேக்கக்கூட..."

"அதக் கேக்கிறதுக்கு நான் கூப்பிடல. அழாத. அழறதுக்கு இங்க ஏற்கெனவே ஒருத்தர் இருக்காரு. வீட்டுல ரெண்டு மூட்டை வேர் கெடக்கு. தூக்கிப்போட மனுஷன் விட மாட்டேங்கிறாரு, காசு காசுங்கிறாரு. அத என்ன பண்றது? திங்கலாமா, கூடாதா? தெரிஞ்சா சொல்லு, தெரியலன்னா தெரியலன்னு சொல்லு."

மிரான் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தனக்குத் தெரிந்ததை மட்டும் சொன்னாள். காய்ந்த வேரை யாராவது கொஞ்சமாகக் கஷாயம் வைத்துக் குடித்தால் தவறில்லை, ஆனால் யொம்மின் மனைவி குடிக்கக் கூடாது. ஊசி போடும்போது எதையும் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. வாதத்தை அடக்குமா என்பது தெரியாது. புற்றுக்கு எதுவும் செய்யாது. அவ்வளவுதான்.

"அவ்வளவுதானா?" என்றாள் அந்தப் பெண். "இதச் சொல்ல இவ்வளவு படிக்கணுமா?" பிறகு போனைப் பொத்தாமலேயே பக்கத்தில் இருந்தவரிடம் கத்தினாள்: "கேட்டீங்களா? ஒண்ணுமில்லையாம்! நாளைக்கே எடுத்துட்டுப் போய் உங்க தம்பி வீட்டுல போடுங்க. அவன் பொண்டாட்டிதான் டிவி பாத்துட்டு இந்த வேரப் பத்தி மொதல்ல சொன்னா."